பிரிஸ்டலின் துத்தநாகமும் தோட்டத்து நத்தைகளும்

இங்கிலாந்தின் தென்மேற்குத் துறைமுக நகரமான பிரிஸ்டலின் வரலாற்றை எழுதியோர் அதன் கப்பல்களையும் சர்க்கரை ஆலைகளையும் அடிமை வணிகத்தையும் விரிவாகப் பேசியிருக்கின்றனர். அந்நகரைச் சூழ்ந்த மண்ணில் துத்தநாகமும் காரீயமும் காட்மியமும் தலைமுறை தலைமுறையாகப் படிந்துவந்த வரலாறோ வெகுகாலம் வரலாறாகவே கருதப்படவில்லை. 1970களில் அது ஆராயப்பட்டபோது, ஆலைகளின் பழைய கணக்கேடுகளைவிடத் தெளிவான சான்றுகளை அப்பகுதியின் தோட்டங்களிலும் வேலியோரங்களிலும் ஊர்ந்து திரிந்த பழுப்பு நிற நத்தைகள் தந்தன.

பிரிஸ்டலுக்குத் தெற்கேயுள்ள மெண்டிப் குன்றுகளில் உரோமானியர் கி.பி. 49 அளவிலேயே காரீயம் எடுத்தனர் என்பது அங்குக் கிடைத்த முத்திரையிட்ட காரீயக் கட்டிகளால் அறியப்படுகிறது. ஆயினும் வட்டாரத்தின் உலோகத் தொழிலுக்கு உண்மையான வலு சேர்த்தது பித்தளையே. 1702ஆம் ஆண்டில் ஆபிரகாம் டார்பியும் அவருடைய கூட்டாளிகளும் தொடங்கிய பித்தளை நிறுவனத்துக்கு, கார்ன்வாலிலிருந்து கப்பலில் செம்புத் தாதுவும், அருகிலிருந்த கிங்ஸ்வுட் சுரங்கங்களிலிருந்து நிலக்கரியும், மெண்டிப்பின் ஷிப்பம் சிற்றூர்ப் பகுதியிலிருந்து கலாமைன் எனப்படும் துத்தநாகத் தாதுவும் வந்தன. அக்காலத்தில் துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரிக்க ஐரோப்பியர் அறிந்திருக்கவில்லை. செம்பையும் கலாமைனையும் கரித்தூளையும் மூடிய மண்கலத்தில் இட்டுச் சூடேற்றி, எழும் துத்தநாக ஆவியைச் செம்புக்குள் ஊடுருவச் செய்தே பித்தளை ஆக்கினர். இவ்வாறு உருவான வளையங்களும் பாத்திரங்களும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டன.

துத்தநாகம் 907 பாகை செல்சியசில் கொதித்து ஆவியாகி, காற்றுப் பட்ட கணமே மீண்டும் வெண்பொடியாகிவிடும் என்பதே அதைப் பிரிப்பதிலிருந்த இடர். இராஜஸ்தானத்தின் ஜாவர் சுரங்கப் பகுதியில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, கலத்தைக் கவிழ்த்து வைத்து ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைக்கும் உத்தியால் இவ்விடர் கடக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ அதே கீழிறக்க முறைக்கு 1738இல் பிரிஸ்டலின் வில்லியம் சாம்பியன் காப்புரிமை பெற்று, வார்ம்லி என்னும் இடத்தில் பெரும் உலைக்கூடம் அமைத்தார். 1769இல் அவர் திவாலானார். அவருடைய முறை நிலைத்தது. இம்முறைகள் எல்லாவற்றிலும், துத்தநாகத் தாதுவோடு சிறிதளவு எப்போதும் கலந்திருக்கும் காட்மியம் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். அது தனியொரு தனிமம் என்று 1817இல்தான் கண்டறியப்பட்டது என்பதால், அதுவரை புகையோடு வெளியேறியது எதுவென்று உலைக்காரர் எவருக்கும் தெரிய வழியில்லை.

இதே வட்டாரத்தில் நத்தை உண்ணும் வழக்கமும் இருந்தது. மெண்டிப் பகுதியிலும் பிரிஸ்டல் சந்தையிலும் ‘சுவர் மீன்’ என்ற பெயரில் தோட்டத்து நத்தைகள் விற்கப்பட்டதையும், நெஞ்சுக்கு நல்லது என்ற நம்பிக்கையில் கண்ணாடி ஊதுவோர் அவற்றை விரும்பி உண்டதையும் 19ஆம் நூற்றாண்டின் நூல்கள் குறித்திருக்கின்றன. சமைப்பதற்கு முன் சில நாள் பட்டினி போட்டு நத்தையின் குடலைச் சுத்தமாக்குவது சமையற்காரர் மரபு. ஆனால் குடல் காலியானாலும் உடலுக்குள் சேர்ந்துவிட்ட உலோகம் அதனால் குறைவதில்லை.

முதல் உலகப் போருக்கு முன்பு, ஆஸ்திரேலியச் சுரங்கங்களின் துத்தநாகத் தாது பெரும்பாலும் ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் சென்றே உருக்கப்பட்டது. போர் அவ்வழியை அடைக்கவே, ஏவன் ஆறு செவர்ன் கழிமுகத்தில் கலக்கும் ஏவன்மவுத்தில் உருக்காலை எழுந்தது. 1929இல் அது இம்பீரியல் உருக்காலை நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளில் துத்தநாகத்தையும் காரீயத்தையும் ஒரே ஊதுலையில் பிரிக்கும் முறை அங்கு உருவாக்கப்பட்டு, பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் பரவியது. 1960களின் இறுதியில் அங்கேயே பெரியதொரு உலையும் இயங்கத் தொடங்கியது. தொழில்நுட்ப வரலாற்றில் இது பெருமைக்குரிய அத்தியாயமாகவே எழுதப்படுகிறது. அதன் மறுபக்கம் 1972இல் வெளிப்பட்டது. தொழிலாளர் பலரின் இரத்தத்தில் காரீயம் அளவுமீறியிருந்ததால் ஆலை சிலகாலம் மூடப்பட்டு, சர் பிரையன் விண்டியர் தலைமையில் விசாரணை நடந்தது.

மனித உடலுக்கான விசாரணை ஆலைக்குள் நடந்தபோது, ஆலைக்கு வெளியே நிகழ்ந்ததை அளக்கும் பணியைப் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கொண்டனர். உருக்காலையிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹாலன் வனத்தில் உதிர்ந்த இலைகள் மட்காமல் அடுக்கடுக்காகத் தேங்கிக் கிடந்தன. இலையை மட்கச்செய்யும் நுண்ணுயிர்களும் சிற்றுயிர்களும் உலோகத்தால் நலிவுற்றதே அதற்குக் காரணம். ஆலையை நெருங்க நெருங்க மண்புழு அற்றுப்போனதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. நத்தையோ உயிர்வாழ்ந்தது. மார்ட்டின், காட்ரே ஆகியோர் 1976இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வட்டார நத்தைகளின் உடலுறுப்புகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்து, காட்மியத்தின் பெரும்பங்கு செரிமானச் சுரப்பியில் சேர்ந்திருப்பதைக் காட்டியது. மனிதரின் கல்லீரலும் கணையமும் செய்யும் வேலைகளைச் சேர்த்துச் செய்யும் இவ்வுறுப்பு, ஓட்டின் மேற்சுருள்களை நிறைத்திருப்பது.

நத்தை எவ்வாறு தாங்கிக்கொள்கிறது என்பதற்கான விடை வேறிடத்திலிருந்து வந்தது. உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் சிறு புரதமான மெட்டலோதயோனின் 1957இல் குதிரையின் சிறுநீரகத்தில் கண்டறியப்பட்டிருந்தது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரைச் சேர்ந்த ரெய்ன்ஹார்டு டாலிங்கரும் அவருடைய குழுவினரும், நத்தையில் இப்புரதம் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் இருப்பதையும், அவற்றுள் ஒன்று காட்மியத்தைக் கட்டிவைக்க, மற்றொன்று நத்தையின் இரத்தத்துக்கு இன்றியமையாத செம்பைக் கையாள்வதையும் 1997இல் நிறுவினர். உணவிலுள்ளதைப்போல் இருமடங்குக்கு மேல் ஓர் உலோகத்தைத் தன் உடலில் திரட்டும் உயிரினத்தைப் பெருந்திரட்டி என்று டாலிங்கர் வகைப்படுத்தினார். காட்மியத்தைப் பொறுத்தவரை நத்தை அவ்வகையைச் சேர்ந்தது. நத்தை மடியாமல் இருப்பதைக் கொண்டு நிலம் நலமாயிருக்கிறது என்று முடிவுகட்டுவது இதனால் பெரும்பிழையாகும்: நஞ்சைக் கட்டிவைத்து வாழும் அந்தத் திறனே, கல்லில் மோதி ஓட்டை உடைத்து நத்தையைத் தின்னும் பாடும் பூங்குருவிக்கு அந்நஞ்சைத் திரளாகக் கொண்டுசேர்க்கிறது.

கலாமைன் சுரங்கங்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஓய்ந்துவிட்ட ஷிப்பம் ஊர் 1979இல் திடீரென நாளேடுகளில் இடம்பெற்றது; சாதாரண மண்ணில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டாத காட்மியம் அவ்வூர்க் கொல்லைகளில் சில நூறு மில்லிகிராம்வரை இருந்தது. ஊராரைச் சோதித்தபோது அஞ்சிய அளவுக்கு நோய் காணப்படவில்லை. சுரங்கம் மூடி நூறாண்டுக்கு மேலாகியும் உலோகம் இடம்பெயரவில்லை என்பதையே ஷிப்பம் உறுதியாகக் காட்டியது.

ஏவன்மவுத் உருக்காலை 2003இல் மூடப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2000இன் தொடக்கத்தில், காரீயம் கலந்த பெட்ரோலின் பொதுவிற்பனை பிரிட்டனில் நிறுத்தப்பட்டதால் சாலையோர மண்ணுக்கு வந்துகொண்டிருந்த மற்றொரு வரத்தும் அடைபட்டது. ஏற்கெனவே மண்ணில் இறங்கியது அங்கேயே இருக்கிறது. அதில் எவ்வளவு உயிர்களுக்குள் புகுகிறது என்பதை வேதிப் பகுப்பாய்வு மட்டும் சொல்லிவிடாது என்பதால், மாசற்ற இடத்தில் வளர்த்த நத்தைகளைக் கூண்டிலிட்டு ஐயத்துக்குரிய நிலத்தில் 28 நாள் வைத்தெடுத்து அளக்கும் முறையைப் பிரான்சின் பெசான்சோன் ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்தனர். கூண்டு நத்தைகளைக் கொண்டு அளப்பதற்கான பன்னாட்டுத் தர விதி 2021இல் வெளியாயிற்று.