ஏ.ஐ துணையோடு சின்ன மார்க்கெட்டிங் ஏஜென்சி... தொடங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்!

"ஒரு லேப்டாப், ஒரு ஏ.ஐ சந்தா போதும். வீட்டிலிருந்தே ஏஜென்சி நடத்தலாம், மாதம் லட்சம் சம்பாதிக்கலாம்!" உங்க ரீல்ஸ் ஃபீடில் இந்த மாதிரி ஒரு வீடியோவாவது வந்திருக்கும். கடைசியில் ஒரு கோர்ஸ் லிங்க்கும் இருக்கும்.

இதில் பாதி உண்மை. ஒரே ஆள், நான்கைந்து கடைகளுக்கு மார்க்கெட்டிங் வேலை பார்த்துக் கொடுப்பது இன்று நிஜமாகவே சாத்தியம். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானபின், முன்பு மூன்று பேர் உட்கார்ந்து செய்த எழுத்து, டிசைன், ரிப்போர்ட் வேலைகளின் நேரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால், அந்த வீடியோக்கள் சொல்லாத மீதிப் பாதி ஒன்று இருக்கிறது. இந்தத் தொழிலில் நீங்க கையாளப்போவது இன்னொருத்தருடைய பணம், இன்னொருத்தருடைய கடையின் பெயர். அதில் தப்பு நடந்தால், 'ஏ.ஐ சொன்னதுங்க' என்று தப்பிக்க முடியாது.

அதனால், தொடங்கும் முன் எதையெல்லாம் யோசிக்கணும்னு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விற்பது எதை?

திருநெல்வேலியில் ஒரு ஸ்வீட் கடை, ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை, மதுரையில் ஒரு பல் மருத்துவமனை. இவங்க யாருக்கும் 'ஏ.ஐ சேவை' தேவையில்லை. அவங்களுக்குத் தேவை, கடைக்கு ஆள் வரணும், போன் அடிக்கணும். எனவே, 'நாங்க ஏ.ஐ ஏஜென்சி' என்று அறிமுகப்படுத்துவதைவிட, 'உங்க கூகுள் மேப்ஸ் பக்கத்தை நாங்க பார்த்துக்கிறோம், மாதம் 8 ரீல்ஸ் போடுறோம், வாட்ஸ்அப்பில் வரும் விசாரணைக்கு ஒழுங்கா பதில் போக வைக்கிறோம்' என்று சொல்லுங்க. புரியும் வார்த்தையில் சொன்னால்தான் முதலாளி காது கொடுப்பார்.

தொடக்கத்தில் ஒரே துறையைப் பிடிப்பது நல்லது. நான்கு உணவகங்களுக்கு வேலை செய்தால், முதல் கடையில் கற்றது நான்காவது கடைக்கு உதவும். உணவகம், ஜிம், வக்கீல் ஆபீஸ் என்று கலந்துகட்டி எடுத்தால், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கணும். அதோடு, சில தொழில்களுக்கு விளம்பரமே தடை. உதாரணத்துக்கு, வக்கீல்கள் விளம்பரம் செய்து கேஸ் பிடிக்க பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை.

ஏ.ஐ எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

கைகொடுக்கும் இடங்கள்: ஒரு மாதத்துக்கான போஸ்ட் ஐடியாக்கள், கேப்ஷனின் முதல் டிராஃப்ட், ஒரே விளம்பரத்துக்குப் பத்துவிதத் தலைப்புகள், வீடியோவுக்கு சப்டைட்டில், போட்டோவின் பின்னணியை நீக்குவது, வாடிக்கையாளர் ரிவ்யூக்களைப் படித்து எந்தக் குறை அடிக்கடி வருது என்று தொகுப்பது, மாதாந்திர ரிப்போர்ட்.

காலை வாரும் முதல் இடம் தமிழ். மாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் எழுதியது மாதிரியே எழுதும். ல, ள, ழ குழப்பமும் உண்டு. 'வாழை இலை விருந்து' என்பது 'வாளை இலை விருந்து' ஆகிவிட்டால், இலையில் மீன் வந்து உட்கார்ந்துவிடும்! படங்களில் நிலைமை இன்னும் சிக்கல். ஏ.ஐ வரையும் படத்துக்குள் தமிழ் எழுத்து பல நேரம் கொம்பும் காலும் இடம் மாறியே வரும். எழுத்தே இல்லாமல் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, கேன்வா மாதிரியான செயலியில் யூனிகோடு எழுத்துருவில் நீங்களே டைப் செய்வதுதான் பாதுகாப்பு.

செலவிலும் தமிழுக்கு ஒரு கதை இருக்கு. மாடல்கள் வாக்கியத்தை 'டோக்கன்' என்ற துண்டுகளாக உடைத்துத்தான் படிக்கும், ஏ.பி.ஐ வழியாகப் பயன்படுத்தினால் கட்டணமும் டோக்கன் கணக்கில்தான். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓப்பன் ஏ.ஐ காட்டிய உதாரணத்தில், பழைய முறையில் 116 டோக்கன் பிடித்த ஒரு தமிழ்ப் பகுதி, புதிய முறையில் 35 டோக்கனாகக் குறைந்திருந்தது. அதாவது, எந்த மாடலைத் தேர்ந்தெடுக்கிறீங்க என்பதைப் பொறுத்தே தமிழ் வேலைக்கான பில் பல மடங்கு மாறலாம். சந்தா கட்டும் முன் தமிழில் சோதித்துப் பாருங்க.

இரண்டாவது இடம், ஊர் வழக்கம். 'கல்யாண மண்டபத்துக்கு ஜூலை மாத ஆஃபர் ஐடியா கொடு' என்று கேட்டால் ஏ.ஐ உற்சாகமாகக் கொடுக்கும். ஜூலை பாதியில் ஆடி பிறந்துவிடும், பெரும்பாலான வீடுகளில் கல்யாணம் வைக்க மாட்டாங்க என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதே ஆடி, ஜவுளிக்கடைக்குத் தள்ளுபடி சீசன். ஜூனில் பள்ளி திறப்பு, ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம், மார்கழியில் கோலம், கச்சேரி. இந்தக் காலண்டரை நீங்க கையில் வைத்துக்கொண்டு ஏ.ஐ-யிடம் வேலை வாங்கணும்.

மூன்றாவது இடம், இல்லாததை இருப்பதாகச் சொல்வது. 2024 பிப்ரவரியில் கனடாவில் வந்த தீர்ப்பு ஒன்று எல்லா ஏஜென்சிகளுக்கும் பாடம். ஏர் கனடா இணையதளத்தில் இருந்த சாட்பாட், உறவினர் இறப்புக்காகப் பயணித்தவரிடம், 'டிக்கெட் எடுத்த பிறகும் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம்' என்று தவறாகச் சொல்லிவிட்டது. நிறுவனமோ பணத்தைத் திருப்பித் தர மறுத்தது. சாட்பாட் சொன்னதற்கு நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, சுமார் 812 கனடா டாலர் கொடுக்க உத்தரவிட்டது பிரிட்டிஷ் கொலம்பியாவின் சிவில் தீர்ப்பாயம். உங்க கிளையன்ட்டுக்கு வாட்ஸ்அப் பாட் வைத்துக் கொடுத்தால், விலை, தள்ளுபடி, ரிட்டர்ன் இந்த மூன்றுக்கும் அது சொந்தமாகப் பதில் உருவாக்கக் கூடாது. முதலாளி எழுதிக் கொடுத்த பதிலை மட்டும் அனுப்பணும். இல்லையென்றால் ஆளிடம் கைமாற்றணும்.

எவ்வளவு வாங்கலாம்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நான்கு கிளையன்ட், ஆளுக்கு 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாத வரவு 48,000. ஏ.ஐ, டிசைன், எடிட்டிங் சந்தாக்களுக்கு 6,000. வீடியோ எடுக்க வரும் ஃப்ரீலான்ஸருக்கு 10,000. போன், இன்டர்நெட், பெட்ரோல் 4,000. கையில் மிஞ்சுவது 28,000. இதில் ஒரு கிளையன்ட் விலகினால், செலவு அப்படியே இருக்க, கையில் நிற்பது 16,000 மட்டுமே. இவை உதாரண எண்கள்தான், உங்க ஊருக்கும் துறைக்கும் ஏற்ப மாறும். ஆனால் கணக்கின் போக்கு மாறாது. ஒரே கிளையன்ட்டிடமிருந்து பாதிக்கும் மேல் வருமானம் வந்தால், அது ஏஜென்சி இல்லை, வேறு பெயரில் ஒரு வேலை. மூன்று மாதச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் பார்க்கும் வேலையை விடாதீங்க.

உங்க கட்டணம் வேறு, விளம்பர பட்ஜெட் வேறு. மெட்டாவுக்கும் கூகுளுக்கும் போகும் பணம் கிளையன்ட்டின் கார்டிலிருந்தே, அவர் பெயரில் உள்ள விளம்பரக் கணக்கிலிருந்தே போகட்டும். பக்கமும், கூகுள் பிசினஸ் புரொஃபைலும் அவர் பெயரில் இருக்கணும். நீங்க மேனேஜர் அனுமதி மட்டும் வாங்கிக்கோங்க. பிரியும்போது சண்டை வராமல் இருக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

'ஏ.ஐ-தானே எழுதுது, எதுக்கு இவ்ளோ காசு?' இந்தக் கேள்வி நிச்சயம் வரும். மறைக்காதீங்க. 'டிராஃப்ட் ஏ.ஐ போடும். எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று பார்த்து முடிவெடுப்பது நாங்க. தப்பு வந்தா பொறுப்பும் நாங்க' என்று சொல்லுங்க. அந்தப் பொறுப்புக்குத்தான் பணம்.

பேப்பர் வேலை

தனி ஆளாகத் தொடங்கலாம், கம்பெனி பதிவு கட்டாயமில்லை. கவனிக்க வேண்டியவை இவை:

- உத்யம் பதிவு: அரசு தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் இல்லை.
- ஜி.எஸ்.டி: தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். விளம்பரச் சேவைக்கு வரி 18 சதவிகிதம்.
- டி.டி.எஸ்: பெரிய கிளையன்ட்கள் வரி பிடித்துக்கொண்டுதான் தருவாங்க. அது உங்க பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டிருக்கா என்று வருமான வரித் தளத்தில் பாருங்க.
- ஒப்பந்தம்: இரண்டு பக்கம் போதும். மாதம் எத்தனை போஸ்ட், எத்தனை முறை திருத்தம், பணம் எந்தத் தேதி, விலகுவதற்கு எத்தனை நாள் நோட்டீஸ், ஏ.ஐ எங்கெல்லாம் பயன்படும். இவ்வளவும் இருக்கணும்.

பணம் இழுத்தடித்தால் சட்டம் உங்க பக்கம் இருக்கு. 2006-ன் எம்.எஸ்.எம்.இ சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தரணும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் 'பேங்க் ரேட்' போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாருக்கு அரசுத் தளம் உண்டு. ஆனாலும் தெரிந்த கடைக்காரர் மேல் புகார் கொடுப்பதைவிட, மாதத் தொடக்கத்திலேயே அட்வான்ஸ் வாங்குவது நிம்மதி.

எழுதவே கூடாதவை

ஏ.ஐ-க்குச் சட்டம் பற்றிய பயம் கிடையாது, கேட்டதை எழுதிக் கொடுத்துவிடும். நிறுத்த வேண்டியது நீங்கதான்.

'சர்க்கரை நோய் 30 நாளில் குணம்', 'உயரம் கூடும்' மாதிரியான மருந்து விளம்பரங்களை 1954-ன் மருந்துகள் மற்றும் மாய நிவாரணச் சட்டமே தடை செய்திருக்கிறது. பதிவு தேவைப்படும் மனைத் திட்டமாக இருந்தால், விளம்பரத்தில் ரெரா பதிவு எண் இருக்கணும். தவறான விளம்பரத்துக்கு 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கடையில் கிடைக்காத பிரியாணியை ஏ.ஐ படத்தில் மட்டும் ஆவி பறக்கக் காட்டுவதும் ஏமாற்றுதான். உணவு, துணி, நகை... இவற்றுக்கு நிஜ போட்டோவே போடுங்க. ஏ.ஐ, வெளிச்சத்தைச் சரிசெய்ய மட்டும் இருக்கட்டும். போலி ரிவ்யூவைத் தொடவே வேண்டாம். கண்டுபிடித்தால் கூகுள் நீக்கிவிடும். பெயர் கெடப்போவது கடைக்கு.

பிரபலங்களின் முகமும் குரலும் இன்னொரு பொறி. தன் பெயர், குரல், படத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று ரஜினிகாந்த் தரப்பு 2023 ஜனவரியிலேயே பொது அறிவிப்பு கொடுத்தது. அனுமதியோடு செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏ.ஐ மூலம் பயன்படுத்தியபோது, குடும்பத்தினரின் அனுமதி பெற்று, சன்மானமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் தெரிவித்தார். ஜூஸ் கடை ரீல்ஸுக்கு ஒரு ஹீரோ குரலை குளோன் செய்யச் சொன்னால், மறுத்துவிடுங்க. சினிமாப் பாட்டுக்கும் இதே கதைதான். தனிநபர் கணக்கில் கிடைக்கும் பாடல்கள் எல்லாமே பிசினஸ் கணக்கில் பயன்படுத்த உரிமை உள்ளவை அல்ல.

கிளையன்ட் கொடுக்கும் வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் பட்டியலை அப்படியே ஏ.ஐ-யில் ஒட்டாதீங்க. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, படிப்படியாக அமலாகின்றன. பெயரையும் நம்பரையும் நீக்கிவிட்டு, 'எந்தப் பொருள், எந்த மாதம்' என்பதை மட்டும் கொடுத்தாலே போதும்.

ரிசல்ட்டை எப்படிக் காட்டுறது?

லைக் எண்ணிக்கையை வைத்துக் கடை வாடகை கட்ட முடியாது. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் எத்தனை பேர் போன் செய்தாங்க, எத்தனை பேர் வழி கேட்டாங்க என்பது தெரியும். வாட்ஸ்அப் விசாரணைகளை எண்ணலாம். கல்லாவில் இருப்பவரை 'எங்களை எப்படித் தெரியும்?' என்று கேட்டு ஒரு நோட்டில் கோடு போடச் சொல்லுங்க. இந்த மூன்றையும் வேலை தொடங்கும் முன் ஒரு மாதம் குறித்து வைத்தால்தான், பிறகு வரும் மாற்றம் உங்களால் வந்ததா, தீபாவளியால் வந்ததா என்று ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும். ரிப்போர்ட்டை ஏ.ஐ எழுதட்டும், எண்களை நீங்க ஒருமுறை சரிபாருங்க. குறைந்த மாதத்தையும் மறைக்காமல் காட்டுங்க. குறைந்ததை முதலில் நீங்க சொன்னால், கூடியதைச் சொல்லும்போது முதலாளி நம்புவார்.

எப்போ, எப்படித் தொடங்கலாம்?

கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன், உங்க தெருவில் தெரிந்த ஒரு கடையை எடுத்துக்கோங்க. குறைந்த கட்டணத்தில், மூன்று மாதத்துக்கு மட்டும் என்று பேசிக்கோங்க. இலவசமாகச் செய்ய வேண்டாம். காசு கொடுத்தவர்தான் குறை சொல்வார், அந்தக் குறைதான் உங்களுக்குப் பாடம். மூன்று மாத முடிவில் இரண்டே கேள்விகள் கேளுங்க. ஒன்று, கடைக்காரர் முழுக் கட்டணம் கொடுத்துத் தொடர்கிறாரா? இரண்டு, வேறு ஒருத்தரிடம் உங்களைப் பற்றிச் சொன்னாரா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் இரண்டாவது கிளையன்ட்டைத் தேடலாம். 'இல்லை' என்றால் ஏன் என்று அவரிடமே உட்கார்ந்து கேளுங்க, அந்தப் பதிலை எந்த ஏ.ஐ-யும் உங்களுக்குச் சொல்லாது.