பெட்டிக்குள் இருந்த ஆயுதம்

பிரசவ வார்டில் நாங்கள் தினம் கழுவி, கொதிக்கவைத்து, துணியில் சுற்றி வைத்த ஆயுதம், பிள்ளையின் தலையைப் பிடித்து இழுக்கும் இடுக்கி (ஃபோர்செப்ஸ்), ஒரு காலத்தில் ஒரு குடும்பத்தின் ரகசியம். 1569-ல் பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பி வந்த சேம்பர்லென் குடும்பம் அதை நூறு வருஷத்துக்கு மேல் வெளியாருக்குக் காட்டவில்லை. பெரிய பெட்டியை இரண்டு பேர் தூக்கி வருவார்களாம். அறையில் இருப்பவர்களை விரட்டிவிட்டு, பிரசவ வேதனையில் கிடப்பவளின் கண்ணையும் கட்டிவிடுவார்களாம். 1670-ல் ஹ்யூ சேம்பர்லென் அதை விற்கப் பாரிஸ் போனார். மோரிசோ என்ற மருத்துவர், இடுப்பெலும்பு கோணிய ஒரு பெண்ணைக் காட்டி, இவளுக்குப் பிரசவம் பாரும் என்றார். மணிக்கணக்கில் போராடியும் பிள்ளை வரவில்லை, தாயும் இறந்தாள். வியாபாரம் படியவில்லை. 1813-ல் எசெக்ஸில் ஒரு வீட்டு மேல்தளத்துப் பலகைக்கு அடியில் அந்த ஆயுதங்கள் அகப்பட்டன.

ஆயுதத்தை நான் திட்டமாட்டேன். அது இல்லாத நாளில், நின்றுபோன பிரசவத்தில் தாயைக் காப்பாற்றப் பிள்ளையின் தலையை உடைத்தெடுத்தார்கள். 1950-களில் ஸ்வீடனின் மால்ம்ஸ்ட்ரோம் தலையை உறிஞ்சிப் பிடிக்கும் வாக்குவம் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்.

இவற்றால் எடுத்து, தலை வீங்கிய பிள்ளையைப் பார்த்ததும் வீட்டார் பதறுவார்கள். நீர் கோத்த வீக்கம் இரண்டு மூன்று நாளில் வற்றும். எலும்புச் சவ்வுக்கு அடியில் கட்டிய ரத்தம் அந்த எலும்பின் எல்லையைத் தாண்டாது. கரைய வாரக்கணக்காகும், காமாலையும் வரலாம். தொட்டால் தளதளவென்று காதோரம், பிடரி என்று பரவுகிற வீக்கத்துக்குத்தான் நாங்கள் பயப்படுவோம். உடம்பின் ரத்தத்தில் பெரும்பங்கு அங்கே போய்த் தேங்கிவிடலாம்.

சில பிரசவங்கள் கோர்ட்டுக்கும் போகும். 1970-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், ஆயுதம் போட்டு ஐந்தாறு முறை இழுத்தும் வராமல் சிசேரியனில் எடுத்த பிள்ளைக்கு மூளை பாதித்தது. தலை மாட்டிக்கொண்டதா, டாக்டர் மிஞ்சி இழுத்தாரா என்று மூன்று நீதிமன்றங்கள் ஒரே மருத்துவ அறிக்கையைப் புரட்டின. முதலாவது 1,00,000 பவுன் தரச் சொன்னது. 1981-ல் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபைவரை போய் டாக்டர் ஜெயித்தார். ஆனால் கணிப்புப் பிழை கவனக்குறைவே ஆகாது என்று இடையில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி டென்னிங் பிரபு சொன்ன வாதத்தை அந்தச் சபை ஏற்கவில்லை.

நம் ஊரில் நுகர்வோர் சட்டம் வந்தது 1986-ல். அது டாக்டர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-ல். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கிற ஆஸ்பத்திரி அதில் வராது. அதற்கு சிவில் கோர்ட்தான்.

எங்கே போனாலும் கேட்பது கேஸ் ஷீட்டும் பார்ட்டோகிராமும். பிரசவம் எப்படி முன்னேறியது என்று அவ்வப்போது புள்ளி வைக்கிற தாள் அது. எல்லாம் முடிந்தபின் ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்பியதை எந்த சிஸ்டரும் பார்த்தவுடன் சொல்லிவிடுவாள்.

பிரசவத்தில் தவறு நடந்ததோ என்ற சந்தேகம் இருந்தால் சண்டைக்கு நிற்காதீர்கள். ஆவண நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். 2002-ன் மருத்துவக் கவுன்சில் விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நுகர்வோர் புகாருக்கு 2 வருஷம்தான் கெடு.