ராணி – அத்தியாயம் 4: உறுதிமொழி

கடவுளுக்கும் பேரரசருக்கும் விசுவாசமாக இருப்பேன். அன்று சாரணியராகச் சேரும் பெண்கள் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்த உறுதிமொழி இது. சிட்டகாங் டாக்டர் கஸ்தகீர் அரசுப் பெண்கள் பள்ளியில் இரண்டு பேருக்கு மட்டும் அது தொண்டையில் முள்ளாக நின்றது. கடவுள் சரி, பேரரசர் எதற்கு? அந்த இடத்தில் தேசம் என்று சொன்னால் என்ன?

ஒருத்தி, சென்ற வாரம் பார்த்த பிரீதிலதா வாதேதார். நகராட்சி குமாஸ்தாவின் மகள். வீட்டில் கூப்பிடும் பெயர் ராணி. இன்னொருத்தி கல்பனா தத்தா, இரண்டு வயது இளையவள். இருவரையும் சேர்த்தது பேட்மின்டன். பெரிய விஞ்ஞானியாக வேண்டும் என்று கொஞ்ச நாள் கனவு கண்டார்கள். ஜான்சி ராணியின் கதை கைக்கு வந்ததும் கனவில் குதிரையும் வாளும் புகுந்துகொண்டன.

படித்ததோ அரசுப் பள்ளி; அரசு என்றால் வெள்ளைக்காரன். உறுதிமொழி மாறவில்லை என்று சொல்லவும் வேண்டுமா?

1930 ஏப்ரல் 18 இரவு அதே ஊரின் ஆயுதக் கிடங்குகள் தாக்கப்பட்டன. தலைமை தாங்கிய 'மாஸ்டர்தா' சூரியா சென்னும் பள்ளி ஆசிரியர்தான்! தோழிகள் இருவரும் கொல்கத்தாவின் பெத்யூன் கல்லூரியில் படித்தார்கள். அங்கிருந்து அலிப்பூர் சிறைக்குப் போய், தங்கை முறை சொல்லி, தூக்குத் தண்டனைக் கைதி ராமகிருஷ்ண பிஸ்வாஸைச் சுமார் 40 முறை பார்த்துவந்தாள் ராணி. 1931 ஆகஸ்ட் 4 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பிய ராணிக்கு வாய்த்த வேலை, பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை. (இனி 'அவள்' என்று எழுதக் கை கூசுகிறது.) எந்த உறுதிமொழியைத் தன் மாணவிகளைச் சொல்லவைத்தாரோ!

பஹார்தலி ஐரோப்பியர் கிளப்பைத் தாக்கும் பொறுப்பை மாஸ்டர்தா ஒப்படைத்தது, தன் படையில் சேர்ந்துவிட்ட இந்த இரு தோழிகளிடம். குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு, ஆண் உடையில் வேவு பார்க்கப் போன கல்பனாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டது.

மிச்சம் ராணி மட்டும்.

1932 செப்டம்பர் கடைசி வாரத்தில் ஓர் இரவு. கிளப்புக்குள் வெள்ளைக்காரர்களின் கும்மாளம். வெளியே இருட்டில், பின்னால் சில இளைஞர்களோடு, பஞ்சாபி ஆண் வேடத்தில் 21 வயது ராணி. கையில் துப்பாக்கி. உடைக்குள் பொட்டாசியம் சயனைடு.

(தொடரும்)