கூரைமேல் ஏறுவது யார்?

ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டு வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு கவலை வந்துவிடும். வேப்ப மரத்துச் சருகு, காக்கை கொண்டு வந்து போட்ட குச்சி, உடைந்த ஓட்டுச் சில்லு எல்லாம் சேர்ந்து கூடல்வாயை அடைத்துக் கொண்டிருக்கும். அதை வாரிப் போடாவிட்டால் முதல் பெருமழையிலேயே தண்ணீர் போக வழி தெரியாமல் சுவருக்குள் இறங்கிவிடும். வாருவது ஒன்றும் பெரிய வித்தையல்ல. ஒரு கரண்டி, ஒரு வாளி, ஓர் ஏணி இருந்தால் போதும். ஏணியின் அடியைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்குக்கூடக் கணக்கு இருக்கிறது. நாலடி உயரத்துக்கு ஓரடி. கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்சாரக் கம்பி பக்கம் போகக் கூடாது. ஈர ஓட்டில் கால் வைக்கக் கூடாது. இவ்வளவும் தெரிந்த மனிதர்கூட ஏணியைச் சாத்திவிட்டுச் சற்று நின்று, "ஓர் ஆளைக் கூப்பிட்டால் என்ன?" என்று யோசிப்பார்.

அந்த யோசனையில் தப்பொன்றும் இல்லை. நாற்பதைத் தாண்டிய குடும்பஸ்தர், மூக்குக் கண்ணாடி வேறு போட்டவர், ஓட்டின்மேல் ஏறித் தம் வீரத்தை நிரூபிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "ஆளைக் கூப்பிடுவது" என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் காரியத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. நமக்கு ஏற பயமாக இருக்கும் இடத்தில் வேறு யாரை ஏற்றுகிறோம் என்ற சரித்திரம். அதில் மிகக் கரிய அத்தியாயம் லண்டன் மாநகரில் நடந்தது. கரிய என்பதை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே கரி பிடித்த அத்தியாயந்தான் அது.

1666-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த நெருப்பு நாலு நாளில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கிற்று. அதன் பிறகு லண்டன்காரர்களுக்கு மரம் என்றாலே பயம். ஊரைச் செங்கல்லால் கட்டினார்கள். 1707-இல் வந்த சட்டம், கூரை விளிம்பில் மர வேலைப்பாடு வைக்கக் கூடாது என்றது. ஆகவே முன்சுவரைக் கூரைக்கு மேலே கைப்பிடிச் சுவராக உயர்த்திவிட்டு, மழைத் தண்ணீருக்கு அதன் பின்னால் ஈயத் தகட்டில் கால்வாய் அமைத்தார்கள். அந்தக் கால்வாயைத் துப்புரவு செய்வது சுலபம். மச்சு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் பாதி வேலை முடிந்தது.

புகைபோக்கியின் விஷயம் அப்படியல்ல. குளிர் நாட்டு வீட்டில் அறைக்கு ஒரு கணப்பு. கணப்புக்கு ஒரு புகை வழி. விறகு எரித்த காலம் போய் நிலக்கரி எரிக்கும் காலம் வந்ததும் புகை வழியைக் குறுக்கினார்கள். குறுகலாக இருந்தால்தான் புகை நன்றாக இழுக்கும். லண்டனில் சாதாரணமாக ஒரு புகை வழியின் அளவு 14 அங்குலத்துக்கு 9 அங்குலம். வாரப் பத்திரிகை ஒன்றை மேஜைமேல் வைத்துப் பாருங்கள். அதன் அட்டையைவிடச் சற்றே பெரிய துவாரம். அது நேராகவும் போகாது. பக்கத்து அறைப் புகை வழிக்கு இடம் கொடுத்து, வளைந்து, படுத்து, மறுபடி நிமிர்ந்து நாலு மாடி ஏறும். உள்ளே படியும் கரியை அவ்வப்போது சுரண்டாவிட்டால் அதுவே தீப்பற்றிக்கொள்ளும். ஒரு தடவை ஊரே எரிந்து பார்த்த ஜனங்களுக்கு அது சாமான்யமான பயமா?

அந்தத் துவாரத்தில் வளர்ந்த ஆள் நுழைய முடியாது. குழந்தை நுழையலாம்.

இப்படித்தான் ஆரம்பித்தது. அநாதைப் பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பு அந்தந்தத் திருச்சபை வட்டாரத்தைச் சேர்ந்தது. ஆறு ஏழு வயதுப் பையனைக் கரி மேஸ்திரி ஒருவனிடம் தொழில் பழக ஒப்புக் கொடுத்துவிட்டால் வட்டாரத்துக்குச் செலவு மிச்சம். நாலைந்து வயதுப் பையன்களும் உண்டு. சில பெற்றோர்களே பணம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். பையன் முகத்தில் துணித் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு, தலைக்கு மேலே தூரிகையைப் பிடித்தபடி, முழங்கையாலும் முழங்காலாலும் சுவரை உந்தி உந்திக் கம்பளிப் பூச்சியைப் போல் ஏற வேண்டும். வளைவில் முழங்கால் மோவாயில் இடித்துச் சிக்கிக்கொண்டால் மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. மேலிருந்து கரி சரிந்தால் மூச்சு நின்றது. உச்சிக்குப் போய் ஆகாயத்தைப் பார்த்து, தூரிகையை வெளியே நீட்டி ஒரு குரல் கொடுத்தால், கீழே வீட்டு அம்மாளுக்கு வேலை முடிந்தது என்று திருப்தி.

சேகரித்த கரியை மேஸ்திரி விவசாயிகளுக்கு எருவாக விற்றான். அந்தக் கரி மூட்டைகளின்மேல்தான் பையன்கள் படுத்துத் தூங்கினார்கள். 1775-இல் லண்டனில் பெர்சிவல் பாட் என்ற சத்திர வைத்தியர், இந்தப் பையன்கள் வாலிபர்களானதும் விதைப்பையில் ஒரு புற்று வருகிறது, அதற்குக் காரணம் மடிப்பில் தங்கும் கரி என்று எழுதினார். ஒரு தொழிலால் புற்றுநோய் வரும் என்று வைத்திய உலகம் முதல் முதலாகக் கண்டுகொண்டது இந்தக் குழந்தைகளின் உடம்பிலிருந்துதான்.

ஜோனாஸ் ஹான்வே என்று ஒரு கனவான் இருந்தார். லண்டன் தெருவில் முதல் முதலாகக் குடை பிடித்துக்கொண்டு போன ஆண்மகன் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வண்டிக்காரர்கள் கூச்சலிட்டுப் பரிகாசம் செய்தார்களாம். தலையில் மழை விழாமல் இருக்கப் பரிகாசத்தைப் பொறுத்துக்கொண்ட மனிதர், தலையில் கரி விழும் பிள்ளைகளுக்காகவும் பொறுத்துக்கொண்டார். 1773 முதல் அவர்களுக்காக எழுதினார், பேசினார், வீடு வீடாக ஏறி இறங்கினார். 1786-இல் அவர் காலமானார். இரண்டு வருஷம் கழித்து, 1788-இல் ஒரு சட்டம் வந்தது. எட்டு வயதுக்குக் குறைந்தவனை வேலைக்கு எடுக்கக் கூடாது. ஒரு மேஸ்திரியிடம் ஆறு பையன்களுக்கு மேல் இருக்கக் கூடாது. மேஸ்திரிகளுக்கு லைசென்சு வேண்டும் என்ற ஷரத்தைப் பிரபுக்கள் சபை எடுத்துவிட்டது. எவனும் எங்கேயும் மேஸ்திரியாகலாம் என்றால் வயதைப் பார்ப்பது யார்? யாரும் பார்க்கவில்லை.

லண்டன் சீமாட்டிகள் இரக்கமற்றவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எலிஸபெத் மாண்டகு என்ற பெரிய இடத்து அம்மாள் தன் மாளிகையில் வருஷந்தோறும் மே மாதம் முதல் தேதி கரிப் பையன்களுக்கெல்லாம் விருந்து வைத்தாள். வறுத்த இறைச்சி, இனிப்புப் பலகாரம், எல்லாம் வயிறு கொண்ட மட்டும். 1800-இல் அவள் இறக்கும்வரை அது நடந்தது. விருந்து வைத்த புண்ணியவதியை நான் பழிக்கவில்லை. ஆனால் மே மாதம் இரண்டாந்தேதி அந்தப் பையன்கள் எங்கே போனார்கள் என்பதுதான் என் மனசில் நிற்கிறது.

இதற்கு வேறு வழியே இல்லை என்றாவது இருந்ததா? அதுவும் இல்லை. எடின்பரோ நகரில் வளர்ந்த ஆட்கள் கூரைமேல் நின்று, கயிற்றில் குண்டையும் தூரிகையையும் கட்டி மேலிருந்து கீழே விட்டுப் புகைபோக்கியைச் சுத்தம் செய்து வந்தார்கள். லண்டனிலேயே 1803-இல் ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர், உள்ளே கயிறு ஓடும் குழல் கழிகளை ஒன்றோடொன்று கோத்து, நுனியில் தூரிகை வைத்த ஒரு கருவியைச் செய்து காட்டிப் பரிசு பெற்றார். 1828-இல் ஜோசப் கிளாஸ் என்பவர் பிரம்புக் கழியில் அதைவிட நல்ல கருவி செய்தார். இன்றைக்கும் அந்தத் தொழிலில் புழங்குவது ஏறக்குறைய அந்தத் தினுசுதான். உத்தியோகஸ்தர்கள் பரிசோதித்துப் பார்த்து, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட புகைபோக்கிகளில் கருவியே போதும் என்று அறிக்கை கொடுத்தார்கள்.

அப்படியும் வீட்டுக்காரர்கள் பையனையே கேட்டார்கள். இந்த இடந்தான் எனக்கு மிகவும் சுவாரஸ்யமாகவும் பயங்கரமாகவும் படுகிறது. காரணங்களைப் பாருங்கள். கருவி கம்பளத்தில் கரியைச் சிந்துகிறது என்றார்கள். மேஸ்திரிகள் சிலர் பையன்களை விட மனமின்றி, கருவியை எடுத்துக்கொண்டு போய் வேண்டுமென்றே அறையெல்லாம் கரியை இறைத்துவிட்டு வந்தார்கள் என்பது அந்த அம்மாள்களுக்குத் தெரியாது. வேலைக்காரர்களுக்கு மேஸ்திரியிடமிருந்து கொஞ்சம் கையூட்டு கிடைத்து வந்தது. அவர்களும் கருவியை வெறுத்தார்கள். "எங்கள் வீட்டுப் புகைபோக்கி ஒரு மாதிரிக் கோணல், மற்ற வீடு மாதிரி அல்ல" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்கள். மிகக் கோணலான புகைபோக்கிகள் இருந்தது பழைய பெரிய மாளிகைகளில்; அதாவது பிரபுக்கள் வீட்டில். சட்டத்தை நிறைவேற்ற வேண்டியதும் அதே பிரபுக்கள்தான்.

1819-இல் பையன்களை ஏற்றக் கூடாது என்ற மசோதா காமன்ஸ் சபையில் நிறைவேறி மேல் சபைக்கு வந்தது. லாடர்டேல் பிரபு எழுந்து ஒரு ஹாஸ்யம் சொன்னார். புகைபோக்கி சுத்தம் செய்ய வாத்தின் காலில் கயிற்றைக் கட்டி உள்ளே இழுத்தால் போதும், சிறகடித்தே கரியெல்லாம் விழுந்துவிடும் என்றானாம் ஓர் ஐரிஷ்காரன். பெரிய வாத்துக்குக் கஷ்டமாயிற்றே என்று ஒருவர் கேட்க, அப்படியானால் சின்ன வாத்து இரண்டைக் கட்டலாம் என்றானாம். சபை சிரித்தது. மசோதா செத்தது. ஸிட்னி ஸ்மித் என்ற பாதிரியார், அந்தக் காலத்தில் தர்ம நியாயத்துக்குப் பேர் போன எழுத்தாளர், பையன்கள் படும் பாட்டையெல்லாம் உருக்கமாக எழுதிவிட்டு, ஆனாலும் வீடுகளுக்குத் தீ அபாயம் இருக்கிறதே என்று முடித்தார்! எழுதுகிறவர்களுக்கு இது ஒரு பாடம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. உருகுவதில் நாம் கெட்டிக்காரர்கள்.

பிறகு சட்டங்கள் வரிசையாக வந்தன. 1834-இல் ஒன்று. 1840-இல் ஒன்று, அதன்படி 21 வயதுக்குக் குறைந்த எவரும் புகைபோக்கிக்குள் ஏறக் கூடாது. லண்டனில் ஓரளவு பலித்தது. வெளியூர்களில் மாஜிஸ்திரேட்டுகள் வீட்டிலேயே பையன்கள் ஏறிக்கொண்டிருந்தபோது யார் யாருக்கு அபராதம் போடுவது? சீமைக்காரர்களைச் சொல்லி நாம் சிரிக்க இடமில்லை. மனிதன் மலத்தை மனிதன் அள்ளுவதைத் தடுத்து நம் நாட்டில் 1993-இல் சட்டம் வந்தது. சாக்கடைக்குள்ளும் கழிவுத் தொட்டிக்குள்ளும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-இல் இன்னொன்று வந்தது. அதற்குப் பத்து வருஷம் கழித்து, 2023-இல், சாக்கடையில் இறந்தவனுடைய குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் கதை மறுபடி சூடு பிடித்தது 1863-இல். சார்லஸ் கிங்ஸ்லி என்ற பாதிரியார் டாம் என்ற கரிப் பையனைக் கதாநாயகனாக்கி எழுதிய தண்ணீர்க் குழந்தைகளின் கதை அந்த வருஷம் புஸ்தகமாக வந்தது. வீடு தவறாமல் படித்தார்கள். அதே சமயத்தில் சர்க்கார் விசாரணைக் குழு ஒன்று சாட்சியங்களைத் திரட்டியது. புதுப் பையனின் முழங்கையும் முழங்காலும் காய்த்துப் போவதற்கு என்ன செய்வது என்று ஒரு மேஸ்திரி விவரித்தார். சூடான கணப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, கெட்டியான உப்புத் தண்ணீரை வைத்துத் தேய்க்க வேண்டும். நிற்க மாட்டான், ஆகவே ஒரு பிரம்பு வேண்டும், அல்லது ஒரு காசு தருவதாகச் சொல்ல வேண்டும். கதையைப் படித்து அழுதவர்கள் இதைப் படித்துக் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்கலாம். ஷாப்ட்ஸ்பரி பிரபு 1864-இல் கடுமையான சட்டம் ஒன்றைக் கொண்டு வந்தார். அதையும் மீறினார்கள்.

1875-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், கேம்பிரிட்ஜுக்கு அருகே புல்பர்ன் என்ற ஊரில், மனநோயாளிகளின் ஆஸ்பத்திரிப் புகைபோக்கிக்குள் ஜார்ஜ் புரூஸ்டர் என்ற பதினொரு வயதுப் பையனை அவன் எஜமானன் ஏற்றினான். பையன் உள்ளே சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து வெளியே எடுத்தார்கள். சிறிது நேரத்தில் உயிர் போய்விட்டது. எஜமானனுக்கு ஆறு மாதம் கடுங்காவல். ஷாப்ட்ஸ்பரி பிரபு அந்த வருஷமே சட்டத்தை மாற்றினார். ஒவ்வொரு கரி மேஸ்திரியும் வருஷா வருஷம் போலீசாரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். பையனை ஏற்றினால் சீட்டுப் போய்விடும். ஹான்வே கேட்டு, பிரபுக்கள் எடுத்துப் போட்ட அதே ஷரத்துதான். 87 வருஷம் கழித்து வந்தது. இந்தத் தடவை பலித்தது.

கருவிக்கு அடங்காது என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்த கோணல் புகைபோக்கிகளையெல்லாம் அதற்குப் பிறகு கருவியே சுத்தம் செய்தது. 1938-இல், இனி அவசியமில்லை என்று அந்தச் சட்டங்களை ரத்துச் செய்துவிட்டார்கள். 2025-இல், பையன் இறந்து 150 வருஷம் ஆனபோது, புல்பர்னில் ஜார்ஜ் புரூஸ்டர் பேரை எழுதி ஒரு நீலப் பலகை பதித்தார்கள்.