ஆண்டு மலருக்கு மதிப்பெண்

கல்லூரி ஆண்டு மலரை யாரும் கடையில் வாங்குவதில்லை. கல்விக் கட்டணத்தோடு சேர்த்து அதற்கும் பணம் பிடித்துவிடுவார்கள். ஆண்டு முடிவில் ஒரு பிரதி கைக்கு வரும். நம் புகைப்படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பரணில் போட்டுவிடுவோம். தமிழ் அச்சு வரலாற்றைப் பேசும்போது நாளிதழ்களும் சிறுபத்திரிகைகளும் நினைவுக்கு வருகிற அளவுக்கு இந்த மலர்கள் வருவதில்லை. ஆனால் தமிழ் எழுத்து ஈயத்திலிருந்து கணினிக்கு வந்த வழியை அறிய விரும்புகிறவருக்கு இவற்றைவிட எளிய சான்று கிடைக்காது. ஆண்டுக்கு ஒன்று, ஆண்டு குறிக்கப்பட்டு, கைக்குக் கிடைத்த கருவியைக் கொண்டு இளையவர்கள் செய்தது.

என்னிடம் அப்படி மூன்று மலர்கள் இருக்கின்றன: அப்பா படித்த கல்லூரியின் 1971ஆம் ஆண்டு மலர், சித்தப்பாவின் 1980 மலர், என்னுடைய 2001 மலர். மூன்றும் தமிழ்நாட்டுக் கல்லூரிகள். பிறர் எழுதிய பழைய மென்பொருளைத் திறந்து, 'இதை ஏன் இப்படிக் கட்டினார்கள்?' என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. அதே கேள்வியை இந்த மலர்களிடமும் கேட்டுப் பார்த்தேன்.

1971 மலரில் ஆங்கிலப் பகுதி முதலில் வருகிறது. தமிழ்ப் பகுதி பின்னால், பக்க எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. புகைப்படங்கள் எல்லாம் நடுவில் ஒரே கட்டாக, வழுவழுப்பான தாளில். கட்டுரை முடிந்து மிஞ்சிய இடத்திலெல்லாம் ஒரு துணுக்கு. இன்றைய கண்ணுக்கு இது திட்டமில்லாத வேலையாகத் தெரியும். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. தமிழ் ஈய எழுத்துகளுக்குத் தனி அறைப்பெட்டி, ஆங்கிலத்துக்குத் தனிப் பெட்டி. ஒவ்வொரு எழுத்தாக எடுத்துக் கோக்க வேண்டிய வேலை. இரண்டு மொழியையும் ஒரு பக்கத்தில் கலந்தால் வேலை இரட்டிக்கும். படம் வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டில் 'பிளாக்' செய்ய வேண்டும். அந்தப் படத்தின் நுண்புள்ளிகள் சாதாரணத் தாளில் மை ஊறிக் கலங்கிவிடும் என்பதால் ஆர்ட் பேப்பர். அது விலை கூடியது. எனவே படங்கள் ஓரிடத்தில். கோத்து முடித்த பக்கத்தை விரித்துச் சுருக்குவது கடினம், எனவே துணுக்கு.

இவை அச்சகத்தின் முடிவுகள். மாணவரின் முடிவைத் தேடினால் அட்டையில் கிடைக்கிறது. லினோலியத்தில் செதுக்கி ஒரே நிறத்தில் அச்சிட்ட பனைமரம். ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. பிளாக் செய்யப் பணமில்லாத இடத்தில் ஒரு மாணவர் தாமே கத்தியை எடுத்திருக்கிறார். அந்த மலரில் வடிவமைப்பு என்று சொல்லத்தக்கது அதுதான்.

1980 மலர் வேறு கதை சொல்கிறது. பெரியார் 1935இல் தம் இதழில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் பெரும்பகுதியைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. தும்பிக்கை போட்ட பழைய 'லை', 'னை', சுழித்து எழுதிய 'றா', 'னா' முதலிய 13 எழுத்துகள் புதிய வடிவம் பெற்றன. சித்தப்பாவின் மலரில் தலைப்புகளில் புதிய 'லை' இருக்கிறது. உள்ளே கட்டுரைகளில் தும்பிக்கையோடு பழைய 'லை'. ஒரே பக்கத்தில் இரண்டும். மதிப்பெண் போடுகிறவர் 'ஒருமை இல்லை' என்று இரண்டு மதிப்பெண் குறைப்பார். எனக்கோ அரசாணை ஒன்று ஓர் ஊர் அச்சகத்துக்குள் பாதி தூரம் நுழைந்து நின்ற இடம் அது. ஈய எழுத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது. பழையதை உருக்கிப் புதிதாக வாங்கப் பணம் வேண்டும்.

2001 மலரில் ஈயம் இல்லை. கல்லூரிக்கு எதிரே இருந்த டிடிபி மையத்தில், பேஜ்மேக்கரில் செய்தது. தலைப்புகளைத் தட்டச்சு செய்த குழுவில் நானும் இருந்தேன். ஒரு பக்கத்தில் நான்கு எழுத்துரு, எல்லாத் தலைப்புக்கும் நிழல், நான்கு ஓரத்திலும் பூக்கோலம். ஒரே எழுத்து வடிவத்தோடு முப்பது ஆண்டு ஓட்டிய அச்சகங்களுக்குப் பிறகு கிடைத்த விடுதலை அப்படித்தான் கொண்டாடப்பட்டது.

அதன் விலை பின்னால் தெரிந்தது. யூனிகோட் தரத்தில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் டிடிபி மையங்களில் ஓடியவை வேறு. ஒவ்வொரு நிறுவனமும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைத் தன் விருப்பப்படி அமர்த்தியிருந்தது. இதை ஒழுங்குபடுத்த 1999இல் சென்னையில் மாநாடு கூடி, டாம், டாப் என்ற குறியீட்டுத் தரங்கள் வந்தன. இலங்கைத் தமிழரும் புலம்பெயர்ந்தோரும் பாமினியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த மலரின் கோப்பு இன்னும் என்னிடம் ஒரு வட்டில் இருக்கிறது. திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை. அச்சடித்த பிரதியைத்தான் படிக்க முடிகிறது. ஐம்பது ஆண்டுக்கு மேலான அப்பாவின் மலர், இருபத்துச் சொச்சம் ஆண்டுக் கோப்பைவிட நன்றாகப் பிழைத்திருக்கிறது.

இந்த மூன்று மலர்களைப் புரட்டிய கண்ணோடுதான், சென்ற ஆண்டு இங்கே பிரிட்டனில் மாணவர் தமிழ் மலர்கள் சிலவற்றை மதிப்பிடும் வேலை வந்தபோது உட்கார்ந்தேன். வடிவமைப்புக்கான மதிப்பெண் தாளில் ஐந்து வரிசைகள்: அட்டை, படங்கள், நிறம், தாள், பக்க அமைப்பு. எழுத்துக்கு ஒரு வரிசை இல்லை.

முதலிடம் பெறும் என்று எல்லோரும் நினைத்த மலர் உண்மையிலேயே அழகு. ஆனால் அதன் அட்டையில் தமிழ் உடைந்திருந்தது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். அங்கே பின்னால் நின்றது. புள்ளி மெய்யைவிட்டு நகர்ந்து வெறும் வட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. பல வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தனியாகத் தேர்ந்து இயக்காவிட்டால் இப்படி நேரும். இரண்டு சொடுக்கில் தீர்கிற விஷயம். ஆனால் செய்தவர்கள் அதைப் பார்க்கவில்லை. மதிப்பிட்டவர்களிலும் சிலர் பார்க்கவில்லை. அங்கே தமிழ், கோலம்போல ஓர் அலங்காரமாகிவிட்டது. படிப்பதற்கென்று அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

இன்னொரு மலர் எளிய தாளில், பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் வந்திருந்தது. அதில் ஒரு நேர்காணல் இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் ஆங்கிலத்திலும். தமிழுக்கு மேலும் கீழும் குறிகள் உண்டு. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய பத்தியில் இரு ஓரமும் சமன்படுத்தினால் நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை தெரியும். ஆங்கிலத்தைப்போலத் தமிழைச் சாய்த்து அழுத்தம் கொடுக்கும் மரபும் நமக்கு இல்லை. அந்த மாணவர் தமிழை அரைப் புள்ளி சிறிதாக்கி, வரிகளைத் தள்ளி வைத்து, வலது ஓரத்தைச் சமன்படுத்தாமல் விட்டு, அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தைப் பயன்படுத்தியிருந்தார். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் முடிந்தன. யாரோ ஒருவர் இரவு வெகுநேரம் உட்கார்ந்து செய்த வேலை அது. 1971இல் பனைமரத்தைச் செதுக்கிய கையின் உறவு. என் முழு மதிப்பெண்ணை அதற்குக் கொடுத்தேன். மற்றவர்களின் கூட்டலில் அது மூன்றாவதாக வந்தது.

அழகு பெரிதல்ல என்று நான் வாதாடவில்லை. இங்கே பிறந்த பிள்ளை பலருக்குத் தமிழ் எழுத்து சனிக்கிழமை வகுப்பில் தடவித் தடவிக் கற்றது. அவர்கள் தமிழில் விரும்பிப் படிக்கக்கூடிய முதல் பக்கம், அவர்கள் வயதுக்காரர் செய்த மலரின் பக்கமாகவே இருக்கலாம். அதில் எழுத்து உடைந்திருந்தால், தமிழ் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

காப்பதும் வடிவமைப்பின் பகுதியே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகத்தில் இன்று இலங்கையின் பள்ளி, பல்கலைக்கழக மலர்களைப் படிக்க முடிகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' இதழ்களும் அவற்றுள் உண்டு. பழைய மலர்களில் ஆண்டும் ஆசிரியர் குழுவும் அச்சகத்தின் பெயரும் இருந்தால்தான் அவற்றை வரிசைப்படுத்த முடியும். நான் மதிப்பிட்டவற்றில் இரண்டில் ஆண்டே இல்லை.

அடுத்த முறைக்கான தாளில் மூன்று வரிசைகளைச் சேர்க்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். தமிழ் எழுத்து உடையாமல், சிரமமின்றிப் படிக்க வருகிறதா? பிடிஎஃப்பில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்கிறதா? ஆண்டும் செய்தவர் பெயரும் உள்ளே இருக்கின்றனவா? ஏற்பார்களா என்பது அடுத்த பருவத்தில் தெரியும். அதுவரை, உங்கள் பரணில் ஒரு மலர் கிடந்தால் எடுத்து மேசைமேல் வையுங்கள். வருடுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.