பைக் டியூபும் கயாக் சீட்டும்: உட்காருவதற்கு ஒரு வரலாறு

1/ எங்க புதூர்ப் பக்கம் கரிசக்காடு. வைப்பாறுல பல மாசம் வெறும் மணல்தான். இங்க இருந்துக்கிட்டு கயாக் படகோட சீட்டைப் பத்தி எழுதுறேன்னு சிரிக்காதீங்க. காரணம் இருக்கு.

2/ போன மாசம் ஓபிக்கு ஒரு அண்ணாச்சி வந்தார். பனையேறி. மூணு வருசம் முன்னாடி மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. உட்காரும் எலும்புக்கு மேலே ஒரு ஆழமான புண். "மெத்துன்னு இருக்கட்டும்னு பைக் டியூபுல காத்தடிச்சு, அது மேலதான் சார் உட்காருவேன்" என்றார்.

3/ அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. பயிற்சி மருத்துவரா இருந்தப்ப அந்தக் காற்று வளையத்தை நானே சிபாரிசு பண்ணியிருக்கேன். தப்பு. வளையம் சுத்தியிருக்கும் சதையை நெரிக்கும். நடுவில் இருக்கும் தோலுக்கு ரத்த ஓட்டம் குறையும்.

4/ நம் தோலின் தந்துகிகளில் ரத்த அழுத்தம் சுமார் 32 மில்லிமீட்டர்தான் என்று 1930-ல் லாண்டிஸ் அளந்து சொன்னார். உட்காரும்போது எலும்புக்கு அடியில் அதைவிடப் பல மடங்கு அழுத்தம் விழும். நமக்கு வலிக்கும், நம்மை அறியாமலே நெளிவோம். உணர்ச்சி போனவர் நெளிய மாட்டார். தோல் செத்துப்போகும்.

5/ அப்போ எதில் உட்காருவது? வட துருவத்து இனுயிட் மக்கள் கயாக்கை ஆளுக்கு அளவெடுத்துத்தான் கட்டினார்கள். விரித்த இரு கைகளின் அகலத்தைப் போல மூணு மடங்கு நீளம், இடுப்போடு ரெண்டு முஷ்டி சேர்த்த அகலம் என்று ஒரு கணக்கு உண்டு. சட்டை தைக்கிற மாதிரிதான்.

6/ இன்றைக்குப் படகோட்டிகள் அதையே ஃபோமில் செய்கிறார்கள். தண்ணீர் குடிக்காத, உள்ளே மூடிய குமிழ்கள் கொண்ட ஃபோம் கட்டையை எடுத்து, உட்கார்ந்து பார்த்து, அரத்தால் ராவி, மறுபடி உட்கார்ந்து பார்த்து, தொடைக்கும் இடுப்புக்கும் பள்ளம் எடுப்பார்கள். சூட்சுமம் மெத்தென்று இருப்பதில் இல்லை. பாரம் பரவுவதில் இருக்கிறது.

7/ இதே சூட்சுமத்தை நம்ம வேலூர் காலுக்குப் பயன்படுத்தியது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் காயம்பட்டே அழிகின்றன என்று காட்டினார். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் அவர்கள் வளர்த்தெடுத்ததுதான் நுண்குமிழ் ரப்பர் செருப்பு, அதாவது எம்.சி.ஆர். செருப்பு. இன்றைக்கும் அரசு மருத்துவமனைகளில் தொழுநோயாளிகளுக்குக் கொடுக்கிறோம்.

8/ அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் விபத்து, இடுப்புக்குக் கீழே செயலிழப்பு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் எழுந்தது அவர் உழைப்பால்.

9/ இங்கிலாந்தில் குட்மன் 1944-ல் தண்டுவட நோயாளிகளை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்தே பலர் உயிரைக் காத்தார். 1948-ல் அவர் தொடங்கிய போட்டிதான் பிறகு பாராலிம்பிக் ஆனது. 2016-ல் அதில் கயாக் போட்டி சேர்ந்தது. குவாலியரின் பிராச்சி யாதவ், இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லாதவர், டோக்கியோ பாராலிம்பிக்கில் துடுப்புப் போட்டார். 2023-ல் ஹாங்சோ ஆசிய பாரா போட்டியில் கயாக்கில் தங்கம். இந்த விளையாட்டில் சீட்டு ஆளுக்கு ஆள் வேறு.

10/ அதற்காகக் கயாக் ஃபோமை அப்படியே வாங்கி நாற்காலியில் போட்டுடாதீங்க. உணர்ச்சி இல்லாத தோலுக்கு அது கெட்டி. அடியில் கெட்டியும் மேலே மிருதுவுமாக அடுக்கணும். உட்கார்ந்த பிறகு எலும்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பாருங்க. எலும்பு கையில் தட்டினால் அந்த மெத்தை செத்தது. கால் மணிக்கு ஒருமுறை கையை ஊன்றி எழும்பணும். தினமும் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்க்கணும். சிவந்த இடம் வெளுக்காமல் நின்றால் உடனே வாங்க.

11/ அண்ணாச்சி இப்போ வார்டில் குப்புறப் படுத்திருக்கார். புண் ஆற மாதங்கள் ஆகும். டியூபை வீட்டுக்காரம்மா தூக்கிப் போட்டாச்சு. மெத்தைக்குப் பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்திருக்கார். நேத்து ரவுண்ட்ஸில் அண்ணாச்சி கேட்டது ஒண்ணுதான்: "மறுபடி உட்காருவேன்ல சார்?"

உட்காருவார். இந்தத் தடவை அவர் அளவுக்கு வெட்டினதில்.

உங்க தெருவிலும் டியூப் மேல் ஒருத்தர் உட்கார்ந்திருக்கலாம். போய்ச் சொல்லுங்க.