அரச தரப்புப் போர் விதவைகளின் மனுக்கள் (இங்கிலாந்து)

இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் (1642–1651) அரச தரப்பில் போரிட்டு மாண்டவர்களின் மனைவியர், 1660இல் முடியாட்சி மீண்டபின் நிவாரணம் கேட்டு அளித்த விண்ணப்பங்கள். நாடாளுமன்றம் தன் வீரர்களின் விதவைகளுக்கு 1642இலேயே உதவி அறிவித்திருந்தது. தோற்ற அரச தரப்பினருக்கோ ஏறத்தாழ இருபதாண்டுக் காத்திருப்பு. அவர்களுக்கான 1662ஆம் ஆண்டு நிவாரணச் சட்டமும் ஊனமுற்ற வீரர்களையே முன்னிறுத்தியது. விதவைகளுக்கு மிச்சம்தான்: சொந்த உழைப்பும் ஊர்த் தருமமும் போதாதபோது, மாவட்ட நிதியில் எஞ்சியதிலிருந்து ஏதேனும். எழுதத் தெரியாத பெண்களுக்குப் பிறர் மனு எழுதித் தந்தனர். கணவன் எந்தத் தளபதியின்கீழ், எங்கே வீழ்ந்தான், எத்தனை பிள்ளைகள், எவ்வளவு கடன் என்பவை அதில் இடம்பெறும். மன்னர்மீதான விசுவாசத்தைச் சொல்லிக் கேட்டாலும், பெரும்பாலான மனுக்களை விசாரித்தவர்கள் உள்ளூர் நீதிபதிகளே. முடியாட்சி திரும்பியதும் நாடாளுமன்றத் தரப்பு விதவைகளின் உதவித்தொகை நின்றுபோனது.